வேறு டிரெஸர் வேண்டுமென்று ஜெபித்தேன்

ரப்பர் விலை விழுந்துபோன வருஷத்து அடைமழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். பற்கள் தாமாகவே தாளம் போட்டன. எனக்குச் சங்கீத ஞானம் வந்தது அப்போதுதான். சாவுபயமும் அப்போதுதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஆனால் அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸர் சாமிக்கண்ணுவைக் கூப்பிட எனக்கு வாயில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், "இவரிடம் மாத்திரை வாங்கினால் குழி வெட்டுகிறவனுக்கும் சொல்லிவிடுங்கள்" என்றிருந்தேன். பந்தியே சிரித்தது. அப்புறம் கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்துச் சனங்கள் காய்ச்சலை அவரிடம் காட்டாமல் மறைத்தார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

சபையில் நான் கடைசி பெஞ்சு, ஞானஸ்நானம் பெறாதவன். ஆதிச் சபைக் காலத்தில் சிலர் அதைச் சாகும் தறுவாய்வரை தள்ளிப்போட்டார்கள் என்று படித்திருந்தேன். எல்லாப் பாவத்துக்கும் ஒரே கழுவு! சிக்கனமான ஏற்பாடு என்று பிடித்துப்போயிற்று. தறுவாய் வந்தபோதோ தண்ணீர் குடிக்கவே தெம்பில்லை.

"ஆண்டவரே, வேறு டிரெஸரை அனுப்பும்" என்று ஜெபித்தேன். வெள்ளத்தில் ரயில் பாதை அறுந்து கிடந்தது. யார் வருவார்?

என் மனைவி சலோமி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆண்டவர்கிட்டயே ஆள மாத்திக் கேக்குறீங்களே. நீங்க மாறினா ஆகாதா?"

அழுதேன். "என்னைத் திருப்பும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு சாமிக்கண்ணுவை அழைத்துவரச் சொன்னேன்.

வந்தார். "நாக்க நீட்டுங்க, கிராணியாரே." நீட்டினேன். "நீளந்தான். தோட்டத்துக்கே தெரியுமே."

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது பொய். மன்னிச்சிருங்க."

"மொதல்ல இந்தக் கொயினா மாத்திரைய முழுங்குங்க. செத்துட்டீங்கன்னா நீங்க சொன்னது மெய்யாயிரும்."

காய்ச்சல் இறங்கியது. வேறு டிரெஸரைக் கேட்டேன். கர்த்தர் அவரையே அனுப்பி, நோயாளியை மாற்றினார்.

நடக்க முடிந்ததும் லயம் லயமாகப் போய், என் பேச்சு பொய் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைப் போன்றவனுக்கு அதைவிடக் கடினமான உபவாசம் கிடையாது.

வெள்ளம் வடிந்து போதகர் வந்தபோது ஞானஸ்நானம் கேட்டேன். அவர் விளக்கினார்: மனந்திரும்புதல் வருத்தப்படுவதோடு முடிவதில்லை, போன வழியை விட்டுத் திரும்பி நடப்பது. அதனால்தான் ஆதியில், தண்ணீரில் இறங்குமுன் இவன் எப்படி நடந்தான், நோயாளிகளைப் போய்ப் பார்த்தானா என்று தெரிந்தவர்களை விசாரிப்பார்களாம். "உமக்கு யார் சாட்சி?"

சாட்சி சொல்ல, முருக பக்தரான சாமிக்கண்ணு ஆற்றங்கரைக்கு வந்தார். "சாமி, லயத்துல இவரு என்ன பேசுனாருன்னு நான் கேக்கல. ஆனா மறுநாள் காலையில காய்ச்சக்காரங்க என்கிட்ட வந்தாங்க."

போதகர் தலையசைத்தார். நான் தண்ணீரில் இறங்கினேன்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்றும் கேலி பேசுகிறேன். பெரும்பாலும் என்னைப் பற்றியே. அன்பானவர்களே, சாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறீர்களா? அந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்: அங்கே நேரமில்லை. யாருடைய வாசலுக்குப் போகக் கூசுகிறீர்களோ, இன்றே அங்கே போங்கள். கர்த்தர் உங்களுக்கு முன்பே அங்கே வந்திருப்பார்.