மூன்றாவது மாடிக் கண்ணாடி

சுவரில் எதை மாட்டுவதென்றாலும் அந்த வட்டாரத்தில் ‘ஆணியக்கா’வைத்தான் கூப்பிடுவார்கள். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன வருடம், ஒரு தச்சரிடம் கூலிக்குப் போய்க் கற்றுக்கொண்ட தொழில். விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட, மத்தியானம் இரண்டு வீடுகளில் படம் மாட்டினாள். “அழுதுடு, மனசுல வச்சுக்காதே” என்றாள் தங்கை. வைத்துக்கொள்ள உள்ளே ஏதாவது இருந்தால்தானே.

அன்று போனது ஒரு புதுக்குடித்தனத்துக்கு. மூன்றாவது மாடி. கதவைத் திறந்த இளம்பெண் சிரித்தாள்.

“வாங்கக்கா. ஒரு படம், ஒரு கண்ணாடி. அவரே மாட்டுறேன்னு ஆணி அடிச்சாரு. சுவர்தான் பேந்துபோச்சு.”

“பூச்சுல அடிச்சா நிக்காதும்மா. செங்கல் வரைக்கும் போகணும்.”

படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தை ஆணியக்காதான் பிரித்தாள். கல்யாணப் படம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றவன் ஆணியக்காவின் பழைய கணவன். மீசையை எடுத்திருந்தான்.

இப்போது ஏதாவது வரும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்காத இடத்தில் படத்தை மாட்டினாள்.

கண்ணாடி நல்ல கனம். அந்தப் பெண்ணை நிற்கவைத்து அவள் கண்மட்டத்தில் ஒரு கோடு போட்டாள். அதற்கு ஒரு சாண் மேலே, கேட்காமலே இன்னொரு கோடு.

“அது எதுக்குக்கா?”

“வீட்டுக்காரர் குனியாம பாக்கணுமில்ல.”

“அட, சரியா அவர் உயரம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“பழக்கந்தாம்மா.”

ஒரே ஆணியில் தொங்கவிட்டால் நாளடைவில் சாயும். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து ஒரே நேர்கோட்டில் இரண்டு துளை போட்டாள். திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் அடைப்பான்களைச் சுத்தியால் தட்டி உள்ளே இறக்கித் திருகுகளை முடுக்கினாள். கண்ணாடியை மாட்டியபின் ரசமட்டத்தை மேல்விளிம்பில் மறுபடி வைத்தாள். குமிழி நடுவில் நின்றது.

பெருக்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். கையிலிருந்த பை சரிந்தது.

“பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு” என்றாள் மனைவி.

“ம்” என்றான்.

“ஆடாது. பயப்படாம இருங்க” என்று அவனிடம் சொல்லிவிட்டு, டிரில்லைப் பெட்டிக்குள் வைத்து ஆணியக்கா படியிறங்கினாள்.

மறுநாள் வேறொரு வீட்டில் ஏணிமேல் நிற்கும்போது போன் வந்தது.

“அக்கா, நீங்க யாருன்னு அவரு ராத்திரிதான் சொன்னாரு. எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

அந்தப் பெண்ணாவது அழுகிறாளே என்றிருந்தது.

“வேலைக்குத்தானேம்மா வந்தேன். அதை விடு. கண்ணாடியைத் தொடைக்கும்போது கீழ்ப்பக்கத்தைப் பிடிச்சுத் தூக்கிடாதே, கொக்கி கழண்டுரும்.”

“சரிக்கா.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பென்சிலை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது. காதில்தான் இருந்தது.