போவதற்கு ஒரு கையெழுத்து

முறைப்படி, விண்ணப்பத்தை வாங்கும் அதிகாரி அதற்குப் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். தன்னால் முடிவெடுக்க முடியாதென்றால் மேலே அனுப்பி, அனுப்பியதை விண்ணப்பதாரருக்கும் தெரிவிக்கவேண்டும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்த காலத்தில் இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்பு அகதியாகக் குமணன்சாவடிக்கு வந்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வும் பெற்றுவிட்டேன். இங்கே இன்றும் எனக்குப் பழகாதது ஒன்றுண்டு: விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பே “யார் அனுப்புனாங்க?” என்று கேட்பார்கள். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றால் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

என் விண்ணப்பம் எளியது. ஊரில் அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். “ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போடா” என்று தொலைபேசியில் சொன்னாள். அகதியாகப் பதிந்தவன் நாடு திரும்ப அனுமதி கேட்கலாம்; போனால் அந்தப் பதிவு நீங்கிவிடும். போய்ப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பி வர வழியுண்டா என்று அகதிகள் பதிவு அலுவலகத்தில் கேட்டேன். அலுவலர் நேர்மையானவர். “போறதுன்னா நான் பார்க்கிறேன் சார். வர்றதுன்னா யாரைக் கேக்கணும்னு எனக்கே தெரியல” என்றார்.

ஆகவே குடியரசுத் தலைவருக்கு எழுதினேன். எங்கள் நாட்டில் ஜனாதிபதிக்கு எழுதிப் பழகியவர்கள் நாங்கள். வேலை மாற்றமா, காணாமல்போன மகனா, கிணற்று வழக்கா, எல்லாம் கடைசியில் அந்த ஒரு முகவரிக்குத்தான் போகும். அந்த மேசையிலிருந்து ஒரு தாள் வந்தால் கச்சேரியில் மின்விசிறி கூட மெதுவாகச் சுற்றுவதுபோல் இருக்கும். இவ்வளவு அதிகாரம் ஒருவருக்கு ஆகாது, ஒழிக்கிறேன் என்று சொல்லித்தான் அங்கே பலர் அந்தப் பதவிக்கே வாக்குக் கேட்பார்கள். உட்கார்ந்து பார்த்த பிறகு நாற்காலி அத்தனை மோசமில்லை என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் தெரு முழுவதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் நெல்வயல்.

“இன்னா சாரு, டில்லிக்கா எய்தினே? அவங்க கையில இன்னா கீது? பேப்பர் வந்தா கையெய்த்து, குடியரசு தினம் வந்தா சல்யூட்டு. நம்ம கவுன்சிலராண்ட போயிருந்தா இந்நேரம் பேசி முட்ச்சிருப்பான்.”

“அதுதான் நல்லது. மாளிகை பெரிசு, அதிகாரம் சின்னன்” என்றேன்.

“இன்னா நல்லது? இங்க ஒரு கால்வாய தூர் வார ஒம்போது பேர் கையெய்த்து வோணும். உங்க ஊரு மாதிரி ஒரே ஆளு, ஒரே பேச்சு, அப்படி இருந்தாத்தான் உருப்படும்.”

“அந்த ஒரே பேச்சாலதான் நான் உங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிறன்.”

அவர் சிரித்தார். “தோ பாரு. ஒர்த்தர் கையில அவ்ளோ பவர் கூடாதுன்ற. உனுக்கு ஒரு காரியம்னா அந்த ஒர்த்தருக்கே எய்துற.”

பழகிய கை என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

மனு டில்லியிலிருந்து ‘தக்க நடவடிக்கைக்காக’ மாநிலத்துக்கு வந்தது. அங்கிருந்து அதே குறிப்போடு கீழே இறங்கி, அந்தப் பழைய அலுவலரின் மேசையிலேயே உட்கார்ந்தது. என்னைக் கூப்பிட்டு, “உங்க கேள்வி என்கிட்டயே வந்திருக்கு சார்” என்றார். இம்முறை நாற்காலி கிடைத்தது. யார் அனுப்பினார்கள் என்றும் கேட்கவில்லை. திரும்பி வருவது பற்றி மட்டும் மறுபடி மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். இதற்கிடையில் அக்கா தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். என் குரலைக் கேட்டால் கண் திறக்கிறாள் என்று அவள் மகள் சொன்னாள்.

கடைசியில் பதில் வந்தது. நாட்டை விட்டுச் செல்ல ஆட்சேபணை இல்லை. மீண்டும் வருவது குறித்த கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மனைவி இரண்டு முறை வாசித்துவிட்டுப் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள். எத்தனை சட்டை வைக்க என்று கேட்டாள். பார்த்துவிட்டு வருவதென்றால் நான்கு போதும். இல்லையென்றால் எல்லாவற்றையும் வைக்கவேண்டும். நான்கை வைத்தாள். சற்று யோசித்துவிட்டு, மார்கழிப் பனிக்கென்று கம்பளிச் சட்டையையும் வைத்தாள், பிறகு அதை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். பெட்டியை இருவரும் மூடவில்லை. அன்று ஆகஸ்ட் பதினாறாம் தேதி; முதல்நாள் சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடிகள் தெருவில் இன்னும் தொங்கின.