கூடலூருக்குப் போன அலமாரி

அப்பாவுக்கு வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆனால் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் நான்தான்.

அது ஜூலை மாதம். நான் கல்யாணமாகி வந்த கூடலூரில் நாலு நாளாக விடாத மழை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஊட்டியில் ஆசிரியர் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. தேர்வில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறியிருந்தேன். அசல் சான்றிதழ் இல்லாமல் போய் நின்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சான்றிதழ்கள் எல்லாம் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த அலமாரிக்குள் இருந்தன. அலமாரி திறக்கவில்லை.

பூட்டில் கோளாறு இல்லை, சாவி நன்றாகச் சுழன்றது. மழை ஈரத்தில் கதவு ஊதிப்போய்ச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. காலை ஊன்றி இழுத்ததில் கைப்பிடிதான் கழன்று வந்தது. "வேலை தெரியாத மனுஷன்" என்று கத்தினேன்.

அப்பா கிளென்மார்கன் பக்கம் ஒரு சின்ன ஊரில் தச்சர். அங்கே யாருக்குக் கதவு செய்தாலும் சுற்றிலும் மெல்லிய இடைவெளி விடுவார். பனிக்காலத்தில் அந்தக் கதவுகள் காற்றுக்கு லொடலொடவென்று ஆடும். வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போடுவார்கள். "மழைக்கு உட்ட எடமுங்க அது. ஆனி ஆடியில பாருங்க, சரியாப் போயிரும்" என்பார். அவர் சொன்னபடியே ஆகும். அப்பேர்ப்பட்டவர் என் அலமாரிக்கு மட்டும் இடைவெளி விடவில்லை. ஜனவரி உறைபனியில், சில்வர் ஓக் மரம் காய்ந்து சுருங்கியிருந்த நாளில், இரண்டு மாத வேலையை முடித்துவிட்டு, தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் செருகிப் பார்த்தார். தாள் நுழையவில்லை. "எலி, பூச்சி, தூசி ஒண்ணும் உன்ற பொருளத் தொடாது, அம்மணி" என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்தே விட்ட இடத்தை மகளுக்கு விட அவருக்கு மனசு வரவில்லை. அதுவும் கூடலூர் மழைக்கு.

குடும்பம் என்று வந்துவிட்டால் அவருக்குப் புத்தி இப்படித்தான் தடுமாறும். ராத்திரி வீடு திரும்ப முடியாத வேலை எதையும் ஒப்புக்கொண்டதில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் கூப்பிட்டபோதும் போகவில்லை. நான் கல்லூரியிலிருந்து வரும் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் ஸ்டாப்பில் வந்து நிற்பார். ஏன் வந்தீர்கள் என்றால் "ஆணி வாங்க வந்தேன்" என்பார். அந்த ஸ்டாப்பில் ஒரு டீக்கடைதான் உண்டு. அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. அந்தப் பொய்யை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கெல்லாம் எரிச்சல்தான் வரும்.

அலமாரி திறக்காத அன்று காலை ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "வர்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கரண்ட் போனது, டவரும் போனது. கணவர் குந்தாவில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் மாமியாரும்தான். பதினொரு மணியிலிருந்து வாசலுக்கும் அலமாரிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வந்துவிடுவார் என்றால் உடைக்க வேண்டாம். வராவிட்டால் இப்போதே உடைக்க வேண்டும். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாக இரண்டு மணிக்கு யாரோ சொன்னார்கள்.

"வெட்டிரு மோளே. சான்றிதழு போனா வருமா?" என்றார் மாமியார். மூன்று மணிக்குக் கோடாலியை எடுத்து ஓங்கி ஒன்று போட்டேன். விரற்கடை ஆழத்துக்கு வெட்டு விழுந்தது, கதவு அசையவில்லை. அப்பா காலண்டர் தாளைச் செருகிப் பார்த்தது கண்ணில் வந்தது, இரண்டாவது வெட்டுக்குக் கை எழவில்லை. கோடாலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். மரம் விழுந்த இடத்தை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் நின்ற கேரட் லாரியில் ஏறி வந்திருக்கிறார். மழைக்கோட்டைக் கழற்றி உளிப் பைமேல் சுற்றியிருந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார். அவருடைய கண் நேராக வெட்டுக்குத்தான் போனது.

"இத யாரு வெட்டுனது?"

"அத்தைங்கப்பா" என்றேன்.

டீயோடு வந்துகொண்டிருந்த மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க, கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அப்பா டீயைத் தொடவில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி, பின்பக்கப் பலகையில் உளியை வைத்து அடித்தார். இழைத்து இழைத்துப் பொருத்திய பலகை சிம்பு சிம்பாகப் பிளந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபைலை எடுத்து, தாள்கள் ஈரமாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் அவரும் என்னோடு வந்தார். நடுவட்டத்தில், அறுத்துப் போட்ட மரத்துண்டுகளை ஒட்டி பஸ் மெதுவாகப் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தாங்கப்பா வெட்டுனேன்."

"தெரியும். தெனமும் வெறகு பொளக்கற கை உங்க அத்தையோடது. அப்படிக் கோணலா வெட்டாது." சன்னலுக்கு வெளியே கிடந்த மரத்துண்டுகளைக் காட்டினார். "நேத்து இங்க பஸ்ஸு நின்னதுல இருந்து எனக்கு ஒரே நெனப்புதான், அம்மணி. அப்பன் செஞ்சதாச்சேன்னு அதத் தொடாம, கெடைச்ச வேலைய உட்டுப்போட்டு நீ உக்காந்திருப்பியோன்னு. அந்த வெட்டப் பாத்ததுக்கப்பறந்தான் மூச்சே வந்துது" என்றார்.

ஒரே வெட்டோடு ஏன் நிறுத்தினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் சொல்லியிருப்பேன்.