மூன்று வீடுகளில் அம்மா

கருப்பையா வாத்தியாரின் அஞ்சலட்டையில் இரண்டே வரி. ரோசம்மாள் போய்விட்டார். அடக்கம் முடிந்துவிட்டது.

ரோசம்மாள் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். பெரியம்மை பரவிய அந்தக் கோடையில் அம்மை குத்தப் போன தொண்டர்கள் நாங்கள்; எங்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரல் தெரியும். நண்பகலில் அவரவர் பக்கத்துத் தபாலாபீசிலிருந்து கூப்பிடுவோம். யார் எந்த ஊரில், யாரிடம் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்து தீர்ந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வார். அது அவர் வேலை அல்ல. "கம்பி சும்மாத்தானே கெடக்கு" என்பார்.

ஒரு நாள் திண்டுக்கல் மருந்துக் கடையில் போன் பக்கத்தில் நான். அம்மைப்பால் அங்கிருந்துதான் ஐஸ் பெட்டியில் பஸ் ஏறும். ஐஸ் கரைந்தால் பால் கெட்டுவிடும். அன்று இருந்தது ஒரே பெட்டி. குஜிலியம்பாறைக்குக் குத்தப் போயிருந்த கருப்பையா வாத்தியார் அங்கிருந்து பேசினார். இரைச்சல். "அம்மா வந்திருக்காங்க" என்பது மட்டும் கேட்டது. தாயார் ஊரிலிருந்து வருவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். லீவு கேட்கிறார் என்று நினைத்தேன். சரி என்று வைத்துவிட்டு, அவருக்கான பெட்டியை, அடுத்துக் கேட்டிருந்த ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றினேன்.

கடைக்குத் திரும்பியதும் போன் அடித்தது. ரோசம்மாள்.

"பெட்டிய அனுப்பிட்டீகளா தம்பி?"

ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னேன். வாத்தியாரின் தாயார் வந்திருப்பதையும் சொன்னேன்.

"மூணு வீட்லனு சொன்னாரே. ஒரு ஆளுக்கு மூணு வீட்லயா தம்பி அம்மா வருவாக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மை கண்ட வீட்டைப் பற்றி, நாலு பேர் சுற்றி நிற்கும்போது, 'அம்மா வந்திருக்காங்க' என்றல்லாமல் அவர் வேறு எப்படிச் சொல்வார்?

"ஒட்டுக் கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன். வைங்க."

உடனே, பஸ் போகும் வழியிலுள்ள ரெட்டியார்சத்திரம் தபாலாபீசைப் போனில் பிடித்திருக்கிறார். போஸ்ட்மாஸ்டர் ரோட்டில் இறங்கி பஸ்ஸை மறித்தார். பெட்டி எதிர் பஸ்ஸில் திரும்பி வந்தது. நானே குஜிலியம்பாறைக்குக் கொண்டுபோனேன். திறந்தபோது கோலிக்குண்டு அளவில் ஐஸ் மிச்சம். சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்கக் குத்தினோம்.

நான்காவது வீட்டுக்கு அம்மா வரவில்லை.

மறுநாளிலிருந்து ரோசம்மாள் ஒரு விதி வைத்தார். "கேட்டதத் திருப்பிச் சொல்லுங்க. அப்புறம் வைங்க." டாக்டர்களுக்கும் அதேதான். ஒருவர் கோபித்துக்கொண்டபோது, "சொல்லிட்டுக் கோவிச்சுக்கங்க" என்றாராம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. யார் என்ன சொன்னாலும், அதை அவர்களிடமே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். பாதி நாள் தவறாகத்தான் கேட்டிருக்கிறேன்.