கரணம் அடித்துப் பார்த்த உடுப்பு

பர்மாவில், மிங்கலாடோனில் உள்ள ஒரு தையல் ஆலையின் பதிவேட்டில் அவள் பெயர் மா கின் ச்சோ. தாகேதாவில், அவள் வீட்டுத் தெருவில் ஜஸீலா. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருடமாக அந்த ஆலையின் சாம்பிள் அறையில் வேலை.

வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் உடுப்பின் படமும், பேட்டர்ன் என்கிற வெட்டு அளவுகளும் வரும். அதை முதன்முதலாக வெட்டித் தைத்து, ஒரே ஓர் உருப்படியாக ஆக்கி அனுப்புவது சாம்பிள் அறை. அது அவர்களுக்குப் பிடித்தால் கீழே மிஷின்களுக்கு முன் உட்கார்ந்திருக்கும் அறுபது பெண்களுக்கு வேலை உண்டு. பிடிக்காவிட்டால் இல்லை. நாடு இருந்த இருப்பில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. நான்கு வரிசை மிஷின்கள் ஓடிய ஆலையில் இரண்டு வரிசைகளுக்குத் துணி போர்த்தியாகிவிட்டது.

ஜெர்மனிக்கு அவள் தைத்தனுப்பியதில் பெரும்பகுதி மழைக் கோட்டுகள். எட்டுப் பை, பத்துப் பை வைத்த கோட்டுகள். மலையேறுகிறவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தாள். "மலையுமில்ல ஒண்ணுமில்ல லாத்தா, அங்கே காய்கறி வாங்கப் போறவங்களும் இதைத்தான் போட்டுக்கிட்டுப் போறாங்க" என்று ஒருநாள் நாஜியா சொன்னாள். நாஜியா அந்த ஆலையில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கிற பெண், இங்கிலீஷ் படித்தவள், ஜஸீலாவைப் போலவே தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, அக்காவை லாத்தா என்பவள். மழை பெய்தால் வீட்டுக்குள் இருக்காமல், அதற்கென்று ஒரு கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு நடக்கப் போகிற சனம்! ஜெர்மன்காரர்களைப் பற்றி ஜஸீலாவுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த வருடம் சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்து ஆலை திறந்ததும் புதுமாதிரியாக ஒரு படம் வந்தது. உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கான உடுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும், மணிக்கட்டு வரைக்கும் ஒரே துண்டாக மூடியிருந்தது.

"இது என்னாம்மா, தொடை தெரிய இல்ல போடுவாங்க?" என்றாள் ஜஸீலா.

நாஜியா கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். சில வருடங்களுக்கு முன்னால் பெரிய பந்தயம் ஒன்றில் ஜெர்மன் பெண்கள் இப்படி முழுக்க மூடிய உடுப்பில் வந்து நின்றார்களாம். யாரும் கட்டாயப்படுத்தி அல்ல. எவளுக்கு எது வசதியோ அதை அவள் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்வதற்காக. அதன்பிறகு சின்னச் சின்ன ஊர்களின் விளையாட்டுச் சங்கங்களில் இருந்தும் இதைக் கேட்கிறார்களாம். அந்தச் சங்கங்களுக்கு உடுப்பு விற்கிற ஒரு சிறிய கம்பெனிதான் இப்போது சாம்பிள் கேட்டிருந்தது.

ஜஸீலா அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். நாஜியா கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகும் அவள் கை அப்படியே நீண்டிருந்தது.

பன்னிரண்டு வயதில் அவள் பள்ளிக்கூடத்திலேயே நன்றாகக் கரணம் அடிப்பவள். கையை ஊன்றி, காலை வானத்தில் வீசி, வண்டிச் சக்கரம்போல் வரிசையாக ஏழெட்டுக் கரணம் போடுவாள். ஊரளவிலான விளையாட்டு விழாவுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். உடுப்பு வந்தது, அரைக்கால் சட்டை. உம்மா அதைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். திட்டவில்லை. "வேணாம் புள்ளே" என்றாள், அவ்வளவுதான். விழாவன்று ஜஸீலா பாவாடையோடு மற்றப் பிள்ளைகள் மத்தியில் உட்கார்ந்து கைதட்டினாள். பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

சாம்பிள் தைத்து அனுப்பினாள். திரும்பி வந்தது. சரிசெய்து அனுப்பினாள்; மறுபடியும் வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்று தடவையும் ஒரே குறை: கையைத் தலைக்கு மேலே தூக்கினால் உடுப்பு முழுக்க மேலே ஏறி, கவட்டில் பிடித்து இழுக்கிறது. பழைய பிளாஸ்டிக்கிலிருந்து நூற்ற துணி என்பதால் அது லைக்ராபோல் தாராளமாக இழுபடாது. சாம்பிள் அறையில் இருந்த பொம்மைக்கோ தோளோடு சரி, கையே கிடையாது. அதில் மாட்டிப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

மானேஜர் ஊ துன் லின் மேலே ஏறி வந்தார். நல்ல மனிதர்தான், அந்த மாதம் முழுக்க அவர் முகத்தில் தூங்கிய களையே இல்லை. "மா கின் ச்சோ, இன்னும் ஒரு தடவைதான். இதுவும் திரும்பினால் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அனுப்பின பேட்டர்னில் கைவைக்காதே. தையலை மட்டும் பார்" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

தையலில் குற்றமில்லை என்பது ஜஸீலாவுக்குத் தெரியும். குற்றம் எங்கே என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கணவன் ஜுல்ஃபிகருக்குத் தாகேதா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை. ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போவதற்காக ஜுப்பா போட்டுக்கொண்டு நின்றவன், மின்வெட்டுக்கென்று வைத்திருந்த பேட்டரிக்குப் போகிற வயர் அறுந்து தொங்குவதைப் பார்த்து, ஸ்டூலில் ஏறி இரண்டு கையாலும் அதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கை முழுக்க மேலே இருந்தது. ஜுப்பாவின் கீழ் ஓரம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை.

"அப்படியே நில்லுங்க!" என்று கத்தினாள் ஜஸீலா.

அவன் மின்சாரம்தான் வந்துவிட்டதோ என்று பயந்து உறைந்துபோனான். "என்னா? மீ லாப்பியா?"

"மின்சாரம் வரல. கையை இறக்காதீங்க." கிட்டே போய் அவன் கக்கத்தைத் தடவிப் பார்த்தாள். உடம்புத் துணியும் கைத் துணியும் சேரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாய்சதுரத் துண்டு. ஜுப்பா தைக்கிற எல்லோரும் வைக்கிற துண்டுதான். தொழுகையில் கையைத் தூக்கிக் கட்டுவதற்கும் குனிவதற்கும் அதுதான் இடம் கொடுக்கிறது. அவளே எத்தனையோ ஜுப்பாக்களுக்கு வைத்துத் தைத்திருக்கிறாள்.

"எவ்வளவு நேரம்டீ நிக்கிறது? நிக்காஹ் முடிஞ்சிரும்" என்றான் ஜுல்ஃபிகர்.

திங்கட்கிழமை அவள் இரண்டு உடுப்பு வெட்டினாள். ஒன்று அவர்கள் பேட்டர்னில் இம்மி பிசகாமல். இன்னொன்றில் கக்கத்தில் அந்தத் துண்டு. பக்கத்து மிஷினில் இருந்த ராணிதான் ஓரங்கள் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுத்தாள். ராணியின் பாட்டனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் ரயில்வேயில். அவள் ஒருத்திதான் தையலுக்கு வந்தவள்.

"மானேஜர் கைவைக்காதேன்னு சொன்னாருல்லக்கா?"

"அவங்க பேட்டர்ன்ல எங்க கைவச்சேன்? அது அப்படியே இருக்கு, பாரு. இது கூட ஒண்ணு."

தைத்தாயிற்று. பொம்மைக்குக் கை இல்லாதபோது யாருக்குப் போட்டுப் பார்ப்பது? உடுப்பின் அளவு ஜஸீலாவுக்குக் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் ஏறும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும் ராணி கதவைத் தாழ்போட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டாள். முதலில் அவர்கள் பேட்டர்னைப் போட்டுக் கையைத் தூக்கினாள் ஜஸீலா. சுளீரென்று இழுத்தது. மூன்று மாதமாகக் கடிதத்தில் படித்த குறை அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. பிறகு தன்னுடையதைப் போட்டாள். கை காதோடு ஒட்டி மேலே போயிற்று. உடுப்பு இருந்த இடத்தில் இருந்தது.

"கையைத் தூக்குனா மட்டும் போதுமாக்கா? அவளுங்க தலைகீழா இல்ல நிக்கிறாளுங்க" என்றாள் ராணி.

ஜஸீலா சுற்றுமுற்றும் பார்த்தாள். வெட்டு மேசைக்கும் துணி உருளைகளுக்கும் நடுவில் பத்தடி இடம் இருந்தது. தலைத்துணியின் நுனியை உடுப்பின் கழுத்துக்குள் செருகினாள். கையை ஊன்றிக் காலை வீசினாள். கால் பாதிதான் போயிற்று. துணி உருளைகளின்மேல் சரிந்து, பொம்மையையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். ராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜஸீலா எழுந்து முழங்கையைத் தேய்த்துவிட்டு மறுபடி போய் நின்றாள்.

இரண்டாம் தடவை கால்கள் தலைக்கு மேலே முழுவட்டமாகச் சுற்றி, அந்தப் பக்கம் தரையில் இறங்கின. அறை ஒருமுறை கவிழ்ந்து நிமிர்ந்தது. அவள் நின்றாள். மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் கோத்திருந்தது. சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

"இழுத்துச்சாக்கா?"

"இல்லடீ. இழுக்கவே இல்ல."

அவள் நேராகப் போய் ஊ துன் லின்னிடம் உண்மையைச் சொன்னாள். இரண்டு உடுப்பையும் மேசைமேல் வைத்தாள். அவர் கக்கத் துண்டை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். "யார் போட்டுப் பார்த்தது?" என்றார். "நான்தான்." அவர் இரண்டையும் பெட்டியில் வைக்கச் சொல்லி, நாஜியாவை விளக்கம் எழுதச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் ஹைகே என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைமுடி. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் ஜஸீலா தைத்த உடுப்பில் கையைத் தூக்கினாள், குனிந்தாள், பாய்மேல் ஒரு கரணம் போட்டாள். ஹைகே படபடவென்று பேச, நாஜியா அதை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"இதை யாரு யோசிச்சதுன்னு கேக்குறாங்க லாத்தா."

"ஜுப்பாவில இருக்கிறதுதான்னு சொல்லு. நான் போட்டுக் கரணம் அடிச்சுப் பார்த்தேன்னும் சொல்லு."

அதைக் கேட்டதும் ஹைகே நாற்காலியில் பின்னால் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஊ துன் லின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வேலை கிடைத்தது. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஓடுகிற இரண்டு வரிசைகளுக்கு மட்டும் எட்டு மாத வேலை. மூடிய இரண்டு வரிசைகளும் மூடியே கிடந்தன. கக்கத் துண்டு அவர்கள் பேட்டர்னில் ஏறிவிட்டது. அதில் ஜஸீலாவின் பெயர் எங்கும் இல்லை. அவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அறுபது பேர் மறுமாதமும் பஸ் ஏறி வந்தார்கள்.

அன்றைய வீடியோப் பேச்சின் முடிவில் அவள் ஒன்று கேட்டிருந்தாள். "இதை என்னா வயசுப் புள்ளைங்க போடுது?"

ஹைகே ஒரு போட்டோவைக் காட்டினாள். பள்ளிக்கூடத்து மண்டபம் ஒன்றில் பதினொரு பெண்கள். எல்லோருக்கும் நரைத்த தலை. நடுவில் நிற்பது அவள் அம்மாவாம், வயது எழுபத்து மூன்று. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஊர்ச் சங்கத்தில் கூடி உடற்பயிற்சி செய்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். அங்கே சின்ன ஊரில்கூட இப்படி ஒரு சங்கம் இருக்குமாம்.

"பந்தயத்துக்குப் போறாங்களா?"

நாஜியா கேட்டுச் சொன்னாள்: "இல்லியாம். ஜெயிக்கிறதுக்கு இல்லியாம். சும்மாதானாம்."

அந்தச் 'சும்மா' ஜஸீலாவின் மனதில் தங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, இங்கேயும் அப்படி ஒன்று ஆரம்பிக்கப் போவதாக ஜுல்ஃபிகரிடம் சொன்னபோது அவன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "இந்த வயசிலயா? ஊர் என்னா சொல்லும்?" என்றான்.

"ஊரையும் கூட்டிட்டு வாங்க. பொம்பளைங்களை மட்டும்."

பஸுன்டவுங் ஓடைக்கரையில் அப்துல் சமது என்பவருக்குப் பருப்புக் கிடங்கு ஒன்று உண்டு. மேல்தளம் காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டும் என்று போய்க் கேட்டாள்.

"மேலே என்னாம்மா செய்யப் போறீங்க?"

"கரணம் அடிக்கப் போறோம் சாச்சா."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். உண்மை தெரிந்தபோது ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் மனைவியே மூட்டுவலிக்கு நல்லது என்று மேலே ஏறி வர ஆரம்பித்ததும் பேச்சை விட்டுவிட்டார். ஜன்னல்களுக்குத் திரை கட்டிக் கொடுத்தது ஜுல்ஃபிகர். கட்டும்போது மூஞ்சி சரியில்லை. கட்டிய திரை என்னவோ நேராகத்தான் இருந்தது.

முதல் ஞாயிறு நான்கு பேர்: ஜஸீலா, ராணி, நாஜியா, அடுத்த வீட்டு டோ மியா தெய்ன். டோ மியா தெய்னுக்கு அறுபத்து மூன்று வயது. வேடிக்கை பார்க்க வந்தவர். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். மூச்சு வாங்கினார்கள். ராணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு ஏழு பேர். மழைக்காலம் முடிவதற்குள் பத்தொன்பது பேர், தமிழும் பர்மியமும் கலந்து. பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் ஒருத்தியும் அதில் சேர்ந்துகொண்டதால் அடிபடாமல் விழுவது எப்படி என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

உடுப்பை ஜஸீலா மார்க்கெட்டில் வாங்கிய கருநீல லைக்ராவில் தைத்துக் கொடுத்தாள். ஜெர்மன் பேட்டர்ன் ஆலைக்குரியது. அதை அவள் எடுக்கவில்லை. ஆளாளுக்கு அளவெடுத்துத் தானே வரைந்தாள். சிலர் அதன்மேல் தொளதொளச் சட்டை போட்டுக்கொண்டார்கள். சிலர் மாடிப்படி ஏறும்வரை தமீன் கைலியைச் சுற்றிக்கொண்டு, மேலே வந்ததும் அவிழ்த்து ஆணியில் மாட்டினார்கள். ராணிக்குக் கை மூட வேண்டாம். அவளுக்குக் கை இல்லாமல் தைத்தாள்.

நாஜியா எடுத்து அனுப்பிய போட்டோ ஒன்று ஹைகேயின் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தலைகீழாக நிற்கும்போது தலைத்துணி எப்படி நழுவாமல் இருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டு எழுதியிருந்தார். அவருக்கும் அடிக்கடி முடி கண்ணில் விழுகிறதாம். ஜஸீலா தான் தைத்த தலைத்துணியைப் பிரித்து, எந்த இடத்தில் பட்டி, எந்த இடத்தில் எலாஸ்டிக் என்று ஒரு தாளில் வரைந்து, நாஜியாவை அனுப்பச் சொன்னாள்.

டோ மியா தெய்ன் இத்தனை நாளும் தன் பழைய சட்டையோடுதான் வந்துகொண்டிருந்தார். போன ஞாயிறு, பயிற்சி முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஜஸீலா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். ஜஸீலா அளவு நாடாவை எடுத்தாள். தோள், மார்பு, இடுப்பு என்று அளந்து முடித்ததும் அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கே ஒரு பை வேண்டும்."

"பையா? எதற்கு டோ மியா தெய்ன்?"

"வெற்றிலை மடித்து வைக்க."

அறை முழுக்கச் சிரித்தது. ஜஸீலா சிரிக்கவில்லை. தலைகீழாக நின்றாலும் வெற்றிலை விழாமல் இருக்க வேண்டுமென்றால் பையின் வாயை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்தபடி, அவர் இடுப்பில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள்.