சலாம் பாய் கையெழுத்துப் போடாத அறிக்கை

செவ்வாய்க்கிழமை காலை, வானூர் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. நாங்கள் முன்பு வேலை பார்த்த படகுப் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் சலாம் பாயின் படத்தைப் பழைய மேலாளர் போட்டிருந்தார். ‘நம் நிறுவனத்தின் தூண் சாய்ந்தது. அவருடைய நேர்மையை என்றும் போற்றுவோம்’ என்று கீழே எழுதியிருந்தார். அதற்கும் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். கோட்டக்குப்பத்தில் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம்.

எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்த நேர்மைக்காகத்தான் அவரைப் பட்டறையை விட்டு அனுப்பினார்கள். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் படிக்கட்டும்.

சலாம் பாய் வளைகுடாத் துறைமுகங்களில் பல வருடம் படகு எஞ்சின் பார்த்தவர். ஊர் திரும்பியதும் மரக்காணத்தில் எங்கள் பட்டறையில் சேர்ந்தார். நான் அங்கே சர்வீஸ் மேற்பார்வையாளர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பாய் இனிமையாகப் பேசத் தெரியாதவர். படகுக்காரர்கள் போனில் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்து “என்ன கோளாறு பாய்?” என்று கேட்டால், “நான் ஜோசியக்காரன் இல்லப்பா. தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிடுவார். பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

ஒரு ஐப்பசி மாதம், நாங்கள் புது எஞ்சின் பொருத்திக் கொடுத்த ஏழு படகுகளில் ஒன்று பட்டறைக்கு வந்தது. கியர் போட்டால் இழுவை இல்லை என்றார் ஓட்டுநர். பாய் கியர் பாக்ஸின் அளவுக் குச்சியை உருவினார். செந்நிறத்தில் தெளிவாக இருக்கவேண்டிய ஆயில், பால் அதிகமாகப் போட்ட டீ போல இருந்தது. மட்டமும் குறிக்கு மேலே ஏறியிருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

“மேல்மூடியை ஒழுங்கா மூடியிருக்க மாட்டான். மழைத்தண்ணி எறங்கியிருக்கும். ஆயில மாத்தி அனுப்புங்க” என்றார் மேலாளர். படகுக்காரரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் பட்டறைக்குப் பொறுப்பு இல்லை.

பாய் ஆயிலை மாற்றவில்லை. அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, பட்டறைக்குப் பின்னால் உப்பளத்துப் பக்கம் வெயிலில் வைத்தார். மூன்றாம் நாள் அடியில் தண்ணீர் பிரிந்து நின்றது. அதை மட்டும் ஊசிக்குழலால் உறிஞ்சி ஒரு தகர மூடியில் விட்டுக் காயவைத்தார். சாயங்காலம் அந்த மூடியை மேலாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மூடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“மழைத்தண்ணியில உப்பு வருமா சார்?”

மேலாளர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

மறுநாள் பாய் ஆயில் கூலரைக் கழற்றினார். கியர் பாக்ஸ் ஆயிலைக் கடல்தண்ணீரால் குளிர்விக்கும் பகுதி அது. ஒரே உறைக்குள் ஆயில் ஒரு வழியிலும் தண்ணீர் இன்னொரு வழியிலும் போகும். நடுவில் மெல்லிய குழாய்ச் சுவர்தான். ஆயில் வழியின் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். தண்ணீர் வழியின் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. ஒன்றிரண்டல்ல, சரம் சரமாக வந்தன.

“பாத்தியா சேகர். குழாய உப்பு தின்னுடுச்சு. கடலுக்குத் தாங்காத உலோகம். எஞ்சின் ஓடச்சொல்ல ஆயிலுக்கு அழுத்தம் ஜாஸ்தி, ஆயில் வெளிய போவும். நிறுத்திட்டா தண்ணி உள்ள வரும். அதான் ஓட்டிப் பாத்தா நல்லாயிருக்குதுன்னு இவங்க அனுப்பிட்டாங்க. ஏழு படகுலயும் இதே கூலர்தான்பா. ஏழையும் நிறுத்தணும்.”

நான் அந்தக் குமிழிகளைப் பார்த்தேன். அதை இங்கே அழுத்தி எழுதுகிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அன்று மாலை அறிக்கை தட்டச்சாகி வந்தது. ‘மூடி சரியாக மூடப்படாததால் மழைநீர் புகுந்தது. உற்பத்திக் குறை இல்லை.’ கீழே இரண்டு பேர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. பாய் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “இது பொய் சார். பொய்யில என் பேர எழுத மாட்டேன்.” மேலாளர் தாளை என் பக்கம் தள்ளினார். நான் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. மறுவாரம் சலாம் பாய்க்கு வேலை இல்லை என்றார்கள்.

அவர் வீட்டில் உட்காரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குப்பம் குப்பமாகப் போனார். மற்ற ஆறு படகுக்காரர்களையும் தேடிப்பிடித்து அளவுக் குச்சியை உருவிக் காட்டினார். மூன்று பேர் உடனே கூலரை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் பட்டறைக்குப் போன் செய்து கேட்டார்கள். மேலாளர் என்ன சொன்னார் என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டேன். “வேலைய விட்டு எடுத்த கடுப்புல சுத்துறாரு. நீங்க தைரியமாப் போங்க. எங்க சூப்பர்வைசர் கையெழுத்தே இருக்குது.”

அப்படிப் போன் செய்த மூன்று பேரில் ஒருவர் ஏகாம்பரம். வடகிழக்குக் காற்று வலுத்த நாளில் அவருடைய படகு கடலில் நின்றது. கியர் பாக்ஸ் பேரிங்குகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. எஞ்சின் ஓடுகிறது, புரொபெல்லர் சுற்றவில்லை. நான்கு பேர் இரண்டு நாள் அலையில் அடித்துச் செல்லப்பட்டார்கள். இன்னொரு படகு கண்டுபிடித்துக் கயிறு போட்டு இழுத்தபோது, கயிற்றுக்கும் அதைக் கட்டும் கட்டைக்கும் நடுவில் சிக்கி ஏகாம்பரத்தின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

முகத்துவாரத்தில் படகு வந்து சேர்ந்ததும் அங்கே முதலில் போனவர் சலாம் பாய். நான் தள்ளி நின்று பார்த்தேன். “அன்னிக்கே சொன்னேன்ல” என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தார். துருவேறிய பேரிங்குகளையும் தேய்ந்த கிளட்ச் தட்டுகளையும் மாற்றினார். கடல்தண்ணீருக்குத் தாங்கும் கூலரைப் பொருத்தினார். புது ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, வடித்தார். திரும்ப ஊற்றி வடித்தார். ஆயில் கலங்கல் இல்லாமல் வரும்வரை அப்படியே செய்தார். பிறகு படகை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் சும்மா நிறுத்திவைத்தார். “ஓடச்சொல்ல என்னா தெரியும்? நின்னாதான் வண்டவாளம் தெரியும்” என்றார். மறுநாள் குச்சியில் ஆயில் தெளிவாக இருந்தது. அதன்பிறகு மிச்சமிருந்த இரண்டு படகுகளும் அவரைத் தேடி வந்தன.

அந்த வாரமே நானும் வேலையை விட்டேன். இதை வீரமாகச் சொல்லவில்லை. விரல் போன பிறகு விட்டவன் நான். பாயின் வீட்டுக்குப் போய், “தப்புப் பண்ணிட்டேன் பாய்” என்றேன். டீ கொடுத்தார். நான் குடித்து முடித்தேன். பிறகு, “எங்கிட்ட எதுக்குச் சொல்ற? என் விரலா போச்சு? ஏகாம்பரத்தாண்ட போய்ச் சொல்லு” என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், நான்கு வருடம் போகவில்லை. பாயை எங்கே பார்த்தாலும் சலாம் சொல்வார், நலம் விசாரிப்பார். “போனியா?” என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மேலாளர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். என் தோளில் கைவைத்து, “நல்ல மனுஷன் சேகர். கொஞ்சம் பிடிவாதம், அவ்ளோதான்” என்றார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன். “அந்தப் பிடிவாதத்துலதான் சார் இருவது முப்பது பேர் இன்னும் உயிரோட கடலுக்குப் போயிட்டு வர்றாங்க. நம்ம கையெழுத்துல இல்ல.” அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

மண் தள்ள வந்தவர்களில் ஏகாம்பரமும் இருந்தார். மூன்று விரல் கையால் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். நான் அவரிடம் போனேன்.

“அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நான்தான். பொய்னு தெரிஞ்சேதான் போட்டேன்.”

“தெரியும் சார். பாய் அப்பவே சொல்லிட்டாரு.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட வந்து ஒண்ணும் கேக்கல?”

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். “கேக்காத, சேகரே வந்து சொல்லுவான்னாரு பாய். இவ்ளோ நாளாவும்னு சொல்லல.” அவ்வளவுதான். என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வெளியே போய்விட்டார்.

சலாம் பாயிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ‘சேகரே வந்து சொல்லுவான்’ என்ற அந்த ஒரு வாக்கியம்தான். என்னைப் பற்றி அவர் இன்னொருவரிடம் உறுதியாகச் சொல்லிவைத்திருந்தார். நான் அவர் உயிரோடு இருக்கும்வரை அதைச் செய்யவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மேலாளர்மேல் வரும் கோபத்தைவிட என்மேல் வரும் கோபம் பெரிதாக இருக்கிறது. அது ஆறவேண்டும் என்று நான் விரும்பவில்லை.