ஆத்தாவுக்கு ஒரு கடைப் பொம்மை

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘கடை மூடுகிறோம். எல்லாம் பாதி விலை.’ எனக்கு வாங்க ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகள் பொம்மை வயதைத் தாண்டி போனுக்குள் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் கால் தானாக உள்ளே போய்விட்டது. ரப்பரும் அட்டைப்பெட்டியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பொம்மைக் கடை என்றால் பொம்மை நானாவின் கடைதான்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நுவரெலியாவில் ஒன்று, தலவாக்கலையில் ஒன்று, ஹட்டனில் ஒன்று. மூன்றுக்கும் பச்சைக் கதவு. பலகையில் ஏதோ நீளமான பெயர் எழுதியிருக்கும். அதை வாசித்தவர் யாரையும் நான் கண்டதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எதையும் வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் நானா எங்களை விரட்டமாட்டார். “பஸ் வார மட்டும் வெளையாடுங்க. ஒடைச்சா மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்பார். நான் ஒருமுறை உடைத்தேன், சொல்லவில்லை. ஒரு தகர வாத்து. இப்போது உங்களிடம் சொல்லியாயிற்று.

வாத்து கிடக்கட்டும். என் தம்பிக்கு இரண்டு வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளை பிழைத்தால் மாரியம்மனுக்கு மண்ணில் ஒரு பிள்ளைப் பொம்மை செய்து வைப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். எல்லோரும் மண் பொம்மைதான் நேர்வார்கள். எங்கள் அம்மாவோ பதற்றத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று, கோயில் பக்கம் கையெடுத்து, “ஆத்தா, எம்புள்ளயக் குடுத்துரு! பொம்ம நானா கடையில இருக்குமே, அந்தப் பொம்மையே வைக்கிறேன். ஆம்பளப் புள்ளயா வைக்கிறேன்” என்று கத்திவிட்டாள். அன்று சாயந்தரமே தம்பி கண் திறந்து கஞ்சி கேட்டான். அதற்குப் பிறகுதான் தான் நேர்ந்தது என்னவென்று அம்மாவுக்கு உறைத்தது.

“மண்ணு பொம்மன்னு சொல்லித் தொலைச்சா என்ன? வாய்க்கு வந்ததையா நேருவ?” என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா பூசாரியிடம் போய், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். “ஆத்தா காதுல விழுந்தது விழுந்ததுதான் தாயி” என்றுவிட்டார் அவர். கடைப் பொம்மை வாங்க எங்களுக்கு வக்கேது? இந்தத் தீபாவளி, அடுத்த தீபாவளி என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. தம்பி தும்மினால் போதும், “ஆத்தா கேக்குறா” என்று அம்மா நடுங்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. நானாவின் சரக்கோ அத்தனையும் கப்பலில் வருவது. முதலில் நுவரெலியாக் கடையை மூடி, மீதியைத் தலவாக்கலைக்குக் கொண்டுவந்தார். பிறகு அதையும் மூடி, மீதியை ஹட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்று அடுத்த அறையில் இருந்த காம்பராக்காரர் வந்து சொன்னதும் அம்மா அழுதேவிட்டாள். “அந்தக் கடையும் போச்சுன்னா ஆத்தாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. பஸ் பலகையை வாசிக்க என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் அக்கரப்பத்தனையிலிருந்து கிளம்பினாள். எனக்கு வேறு நினைப்பு. பாதி விலைதானே, அழுது புரண்டால் எனக்கும் ஒன்று கிடைக்காதா?

கடையில் தட்டுகள் எல்லாம் காலி. ஒரே ஒரு பொம்மை இருந்தது. தங்க நிறச் சுருட்டை முடி, ரோஸ் கவுன், படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அடடா, எனக்கு மூச்சே நின்றுவிட்டது!

“ஐயையோ, இது பொட்டப் புள்ளயால்ல இருக்கு நானா!” என்றாள் அம்மா.

“மூணு கடைக்கும் மிச்சம் இரிக்கிறது இது ஒண்டுதான் தங்கச்சி.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானா விஷயத்தைக் கேட்டார். அம்மா காய்ச்சலில் தொடங்கி தும்மல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். “மொட்டை போட்டா ஆம்புளப் புள்ளதானே?”

நான் வீரிட்டேன். “பொறுங்க மகள், பொறுங்க” என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டே அத்தனை சுருளையும் வெட்டினார். கவுனைக் கழற்றிவிட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையை அதன் இடுப்பில் வேட்டியாகக் கட்டினார். கவுனை மடித்து என் கையில் வைத்து, “இது ஒங்களுக்கு” என்றார். பொம்மையில்லாத கவுனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவரை முறைத்தேன். பாதி விலையிலும் பாதிதான் வாங்கினார் என்று அம்மா பஸ்ஸில் சொன்னாள். அந்த மனிதரை அன்றைக்கு முறைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கரப்பத்தனை வரும் வரைக்கும் அது என் மடியில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் படுக்க வைத்தேன், கண் மூடியது. எடுத்து நிறுத்தினேன், திறந்தது.

கோயிலில் பூசாரி அதன் நீலக் கண்ணைப் பார்த்துவிட்டு, “என்னா தாயி, தொரை வூட்டுப் புள்ளயவா தூக்கியாந்துட்ட?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. பொம்மையை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, மூன்று வருஷப் பயமும் தீர ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எனக்குப் பக்தி என்று ஊர் நினைத்தது.

திரும்பி வரும்போது, தேயிலைக்கு நடுவில் அம்மா நின்றாள். “ஒனக்குன்னு நான் ஒண்ணுமே நேரலடி. கேக்காமலே எங்கிட்ட தங்கிட்ட நீ” என்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. அந்த ஒரு தடவைக்கு நான் அத்தனை பொம்மையையும் விட்டுக்கொடுப்பேன்.

அடுத்த வாரம் ஹட்டன் கடையும் மூடியது. நானா எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கோயிலைச் சிமெந்தில் எடுத்துக் கட்டியபோது பொம்மைகளையும் அள்ளிக் கொட்டிவிட்டார்கள். பல வருஷம் கழித்து அப்பா, அம்மா, தம்பி மூன்று பேருக்கும், தோட்டத்து ஆட்கள் பலருக்கும் வந்ததுபோல, இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் காகிதம் வந்தது. கல்யாணமாகியிருந்த நான் இங்கேயே நின்றுவிட்டேன். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். உதடு அசைந்தது. ரயில் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எழுபதைத் தாண்டியும் நான் நன்றாக இருக்கிறேன். அன்றைக்கு ரயிலில் எனக்காக என்ன நேர்ந்தாள், எதை வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் அம்மா இல்லை.